நீலம் பாரித்த குண்டு

"என்ன கோளாறுன்னு எனக்குச் சொல்ல வேணாம். எப்பக் கெளம்பலாம்னு மட்டும் சொல்லு."

ராம்பிரசாத் கார்ச் சாவியைத் தூக்கி வீரலட்சுமியின் மேஜை மேல் எறிந்தான். அது வழுக்கிக்கொண்டு போய் சால்டரிங் ராடில் முட்டி நின்றது.

வெயில் இன்னும் ரோட்டுக்கு இறங்கவில்லை. போடியில் மூணாறு ரோட்டோரம் இருக்கிற அந்த ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறையில், வீரலட்சுமி அப்போதுதான் ஒரு பழைய ஜீப்புக்கு டைனமோ மாட்டி முடித்திருந்தாள். கையில் கிரீஸ். கண்ணில் அழுத சிவப்பு.

அழாமல் எப்படி? விடியும் முன்னே எஸ்டேட்டிலிருந்து போன் வந்திருந்தது. "ஒந் தம்பி சுடலை, ஸ்டோர்ல இருந்த காய் மூட்டையத் தூக்கிட்டு ஓடிட்டான். போலீசுக்குச் சொல்லியாச்சு." பேசியது இதே ராம்பிரசாத். குரங்கணிக்கு மேலே இருக்கிற ஏலக்காய் எஸ்டேட்டில் அவனுக்குப் பாதி, அவன் பெரியப்பா மகனுக்குப் பாதி. சுடலை அங்கே காவல்காரன்.

"மொதலாளி, எந் தம்பி அப்பிடிப்பட்ட..."

"அவன் பேச்ச எடுக்காத. போன் கீன் பண்ணானா?"

"இல்லண்ணே. சுவிட்ச் ஆஃப்னு வருது."

"பண்ணுனா ஒடனே எங்கிட்டச் சொல்லணும். இந்தப் பட்டறை ஒனக்கு வேணும்ல?"

பின்னால் நின்ற பாண்டித்துரை சிரித்தான். ராம்பிரசாத்துக்கு டிரைவர், அடியாள், எடுபிடி எல்லாம் அவன்தான். கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிய துண்டு. விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"திருடனோட அக்காகிட்டயே வண்டிய விடுறோமே மொதலாளி. திரும்பி வரும்போது ஸ்டெப்னி இருக்குமா?"

"வேற என்னடா செய்ய? ஸ்கேனர் வச்சிருக்கிற இன்னொருத்தன் கல்யாணம்னு மதுரைக்குப் போயிட்டான்."

வீரலட்சுமி ஸ்கேனரை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். வேலையை நன்றாகச் செய்து கொடுத்தால், தம்பி அகப்படும்போது இந்த ஆள் கொஞ்சமாவது இரக்கப்படுவான் என்று ஒரு நப்பாசை.

"செக் லைட்டு எப்ப இருந்து எரியுதுண்ணே?"

"நேத்து சாயங்காலம். பெட்ரோல் கலப்படம், வேறென்ன. மேட்டக் கண்டா மூச்சு வாங்குது. மலை உச்சிக்குப் போலாம்னு போனா பாதியிலயே..."

பாண்டித்துரை தொண்டையைச் செருமினான். ராம்பிரசாத் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அந்தி நேரத்தில், பனி இறங்குகிற வேளையில், மலை உச்சியில் இவனுக்கு என்ன சோலி? கேள்வி மனசில் ஓடியது.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் ஒயரைச் சொருகினாள். திரையில் ஒரே ஒரு கோடு, கோளாறைச் சொல்லும் எண். பி 0327.

நாக் சென்சார். என்ஜின் கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன வட்டம். அதுதான் என்ஜினுக்குக் காது. உள்ளே பெட்ரோல் நேரங்கெட்டு வெடித்து 'டக் டக்'கென்று தட்டினால், காது கேட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் நெருப்புப் பொறியைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்து என்ஜினைக் காப்பாற்றும். காதே செத்துப்போனால் கம்ப்யூட்டருக்குப் பயம் வந்துவிடும். எதற்கு வம்பு என்று எல்லாப் பொறியையும் தாமதமாகவே கொடுக்கும். சமதளத்தில் வண்டி ஓடும். மேட்டில் இழுக்காது.

கோடு வந்ததும் சென்சாரைக் கழற்றி வீசிவிட்டுப் புதுசு போடுகிற ஆள் இல்லை அவள். போல்ட் லூசாக இருக்கலாம். ஒயரை எலி கடித்திருக்கலாம். மலையில் குளிர் அதிகம். எலிக்கு என்ஜின் சூடு என்றால் உயிர். பார்த்துவிட வேண்டியதுதான்.

பானட்டைத் தூக்கப் போனவள் ஒரு கணம் நின்றாள்.

பானட்டுக்கு நடுவில் ஒரு வேல் ஸ்டிக்கர். புத்தம் புதுசு. ஓரத்தில் காற்றுக் குமிழிகூட அமுங்கவில்லை. சாமி படத்தைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். பானட்டில் ஒட்டுவார்களா?

தூக்கினாள். ஸ்டிக்கருக்கு நேர் கீழே, உள்பக்கத் தகரம் பூ மாதிரி விரிந்திருந்தது. மேலேயிருந்து எதுவோ துளைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அதற்குக் கீழே என்ஜின் மூடியின் பிளாஸ்டிக்கில் ஒரு ஓட்டை.

"என்ன பிள்ள, கும்புடுறியா? சோலியப் பாரு," என்றான் பாண்டித்துரை. டீக்கடைப் பக்கம் திரும்பி, "ஏத்தா, ரெண்டு டீ!" என்று கத்தினான்.

மூடியைக் கழற்றி, டார்ச்சை உள்ளே விட்டாள். நாக் சென்சாருக்குப் போகும் ஒயர் கத்தி வைத்த மாதிரி அறுந்து கிடந்தது. எலிப் பல் இல்லை. அறுந்த இடத்துக்குப் பக்கத்தில், இரும்புச் சந்தில், ஏதோ ஒன்று பளபளத்தது.

காந்தக் குச்சியை நீட்டினாள். 'டிக்' என்று ஒட்டிக்கொண்டு மேலே வந்தது.

பேரிங் குண்டு. பட்டாணியை விடக் கொஞ்சம் பெரிசு. மயில் கழுத்து மாதிரி நீலம் பாரித்த குண்டு.

வீரலட்சுமி அதை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போடியில் ஆயிரம் பட்டறை இருக்கலாம். இறுகிப்போன டைனமோ பேரிங்கைக் கேஸ் நெருப்பில் காய்ச்சிக் கழற்றுகிறவள் அவள் ஒருத்திதான். அப்படிக் காய்ச்சும்போது உள்ளே இருக்கிற குண்டுகள் நீலமாகிவிடும். அவற்றை டப்பாவில் போட்டு வைப்பாள். மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் சுடலை வந்து அள்ளிக்கொண்டு போவான். எஸ்டேட்டின் லைசென்ஸ் துப்பாக்கியில் மருந்தோடு சேர்த்துக் கெட்டிப்பான். "பன்னிய வெரட்ட இது போதும்க்கா. கடைக் குண்டுக்கு எவன் காசு குடுக்குறது?"

இது தம்பியின் துப்பாக்கியிலிருந்து வந்த குண்டு. முதலாளியின் காரில்!

எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி உள்ளே வந்தாலும், கேட் பக்கத்துப் பலா மரத்தடியில் நின்று ரெண்டு தரம் லைட்டை அடிக்க வேண்டும். அடித்தால் நம்ம ஆள். லைட்டை அணைத்துக்கொண்டு எவன் நுழைந்தாலும் காய்த் திருடன். பரண் மேலிருந்து காவல்காரன் சுடலாம். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே ராம்பிரசாத்தின் பெரியப்பா. ராம்பிரசாத்துக்குத் தெரியாமல் இருக்குமா?

தெரிந்தும் அவன் லைட்டை அடிக்கவில்லை. ஏன்? கூட்டு ஸ்டோரில் இருந்த மூட்டையைப் பங்காளிக்குத் தெரியாமல் தூக்க வந்தவன் லைட்டா அடிப்பான்?

அப்படியானால் சுடலை ஓடவில்லை. அவனை இவர்கள்...

"என்ன கெடைச்சுச்சு?" காதுக்குப் பக்கத்தில் பாண்டித்துரையின் மூச்சு.

வீரலட்சுமி திரும்புவதற்குள் குண்டு அவள் வாய்க்குள் போயிருந்தது. கன்னத்துக்குள் ஒதுக்கினாள். ஆயில் கசந்தது.

"எலிண்ணே. ஒயரக் கடிச்சு வச்சிருக்கு."

"எலியா?" பாண்டித்துரை முதலாளியைப் பார்த்து இளித்தான். "நம்ம எலிதான் கட்டிப் போட்ட எடத்துல கெடக்கே!"

"வாயப் பொத்துடா," என்றான் ராம்பிரசாத். "ஏம்மா, அந்த லைட்ட மொதல்ல அணை. வண்டிய எடுக்கணும்."

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து என்ஜினை ஸ்டார்ட் செய்தாள். ஸ்கேனரில் கோடை அழிக்கும் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, காரின் ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்து அலறின. ராம்பிரசாத்தின் செல்போன்! கார் ஸ்டார்ட் ஆனதும் அதுவாகவே காரோடு சேர்ந்துகொண்டது. வெளியே நின்றவன் பழக்க தோஷத்தில் போனை எடுத்துக் காதில் வைத்தான். குரலோ காருக்குள் கேட்டது.

"அண்ணே, செழியன் பேசுறேன். பய முழிச்சுக்கிட்டான். பழைய ஸ்டோர்ல கெடந்து கத்துறான். காலுதான் ஒடைஞ்சிருக்கு, வாயி நல்லாருக்கு. முடிச்சிரவாண்ணே?"

உயிரோடு இருக்கிறான்!

வீரலட்சுமியின் வலது கால் ஆக்சிலேட்டரை அமுக்கியது. என்ஜின் பட்டறையே அதிரக் கத்தியது. ராம்பிரசாத் பாய்ந்து வந்து கண்ணாடியைத் தட்டினான். அவள் தலை நிமிராமல் ஸ்கேனரையே பார்த்தாள். அவன் கதவைத் திறந்து சாவியைத் திருகி அணைத்தான்.

"என்ன கேட்டுச்சு ஒனக்கு?"

"எதுண்ணே? என்ஜின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழலையே. ரேஸ் பண்ணித்தான் கோட அழிக்கணும்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். போனைக் காதில் வைத்து, "நான் வர்ற வரைக்கும் கைய வைக்காத. உச்சிப் பாறைக்குக் கொண்டுபோய் உருட்டி விட்டாத்தான் தவறி விழுந்த மாதிரி இருக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளிப் போனான். அவள் காதில் பாதிதான் விழுந்தது. பாதி போதும்.

நேற்றே உருட்டியிருப்பார்கள். கார் மேடு ஏறவில்லை. சுடலையின் குண்டு ஒயரை அறுத்ததால் சுடலை இன்னும் உயிரோடு இருக்கிறான். அவனை முடிக்கத்தான் இந்தக் காரைச் சரி செய்யச் சொல்லி அவளிடமே கொண்டு வந்திருக்கிறார்கள்!

அறுந்த ஒயரை அவள் தொடவில்லை. கோடை மட்டும் அழித்தாள். செக் லைட் அணைந்தது. மூடியை மாட்டி, பானட்டைச் சாத்தினாள். சமதளத்தில் கார் ஒழுங்காக ஓடும். மேட்டில் ஏறி என்ஜின் திணறும்போது கம்ப்யூட்டர் மறுபடி காதைத் தேடும். காது இருக்காது.

"முடிஞ்சுதுண்ணே. லைட்டு போயிருச்சு பாருங்க."

ராம்பிரசாத் டேஷ்போர்டை எட்டிப் பார்த்தான். திருப்தி. பிறகு பாண்டித்துரையை ஒதுக்கி அழைத்துப் போய்ச் சொன்னான். "அவ கேட்டிருப்பான்னு எனக்குப் படுது. நான் போய் மேல முடிக்கிறேன். நீ இங்க முடி."

கார் குரங்கணி ரோட்டுப் பக்கம் பறந்தது.

பட்டறை ஷட்டர் கடகடவென்று பாதிக்கு மேல் இறங்கியது.

"என்னண்ணே, எதுக்கு ஷட்டர எறக்குறீங்க?"

"வெயில் அடிக்குதுல்ல, அதான்." பாண்டித்துரை மெதுவாக நடந்து வந்தான். வீரலட்சுமி பின்னால் நகர்ந்தாள். முதுகில் ஜீப்பு இடித்தது. பானட் திறந்தே கிடந்தது. கையை ஜன்னலுக்குள் விட்டுச் சாவியைத் திருகினாள். டீசல் என்ஜின் தடதடத்து எழுந்தது.

"டெலிவரி குடுக்கணும்ணே. சார்ஜ் ஏறுதான்னு பாக்கணும்."

"ஓட்டு, ஓட்டு. நல்லாச் சத்தமா ஓட்டு. நீ கத்துறது வெளிய கேக்கக் கூடாதுல்ல?" சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "வாயில என்னடி?"

"பாக்கு."

"துப்பு."

அவள் துப்பவில்லை. அவன் அறைந்தான். காதுக்குள் ஊசி மாதிரி ஒரு சத்தம். தலை ஜீப்பின் தகரத்தில் மோதியது. நீலக் குண்டு நாக்கைத் தாண்டி, தொண்டையில் ஒரு நொடி அடைத்து, வயிற்றுக்குள் இறங்கியது.

அடுத்த அறைக்கு அவன் காத்திருக்கவில்லை. இரண்டு கையாலும் அவள் கழுத்தைப் பிடித்து என்ஜின் மேல் சாய்த்தான். பக்கத்தில் ஃபேன் சுழன்றது. அவள் பின்னல் அதன் காற்றில் பறந்தது. மூச்சு நின்றது. கண்ணில் பூச்சி பறந்தது. கைகள் எதையாவது தேடின. கிடைத்தது அவன் கழுத்துத் துண்டின் நுனி.

இழுத்து ஃபேன் பெல்ட்டில் போட்டாள்.

பெல்ட் துண்டைக் கவ்வியது. ஒரே சுற்று. பாண்டித்துரையின் தலை என்ஜினுக்குள் போனது. அவன் கத்தினான். முகம் ஃபேனில் படாமல் தடுக்கக் கையை ஊன்றினான். கை நழுவியது. சடசடவென்று முருங்கைக்காய் முறிகிற சத்தம். ரேடியேட்டரில் ரத்தம் தெறித்தது. துண்டு கிழிந்து அவனை விட்டபோது, வலது கையில் மூன்று விரல்கள் இல்லை.

அப்படியும் அவன் எழுந்தான். இடது கையால் தரையில் கிடந்த ஸ்பானரை எடுத்தான்.

வீரலட்சுமி பெஞ்சின் மேலிருந்த பழைய டைனமோவைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டாள். அவன் உட்கார்ந்தான். மறுபடி தூக்கித் தோளில் போட்டாள். படுத்துவிட்டான்.

ஷட்டருக்கு அடியில் ஒரு தலை நுழைந்தது. இரண்டு டீ கிளாஸோடு கருத்தம்மாள். பக்கத்து டீக்கடைக்காரி.

"டீ சொன்னாகளே... அடி ஆத்தீ! என்னடி இது, கறிக்கடை மாதிரி கெடக்கு?"

"எந் தம்பிய அடிச்சுக் கட்டிப் போட்டிருக்காய்ங்க அத்தை. கொல்லப் போறாய்ங்க. போலீசுக்குப் போன் போடுங்க. குரங்கணிக்கு மேல, ராம்பிரசாத் எஸ்டேட்டு, பழைய ஸ்டோருன்னு சொல்லுங்க. இவனுக்கு ஆம்புலன்சும் சொல்லுங்க."

"இவன் எந்திரிச்சா?"

"எந்திரிக்க விடாதீங்க."

கருத்தம்மாள் டீயைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பிலிருந்து கொதிக்கிற பால் சட்டியைத் தூக்கி வந்தாள். பாண்டித்துரையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். "அசைஞ்ச, ஊத்திருவேன். நீ வெரசாப் போத்தா."

*

பழைய ஜீப்புக்கு சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. டீசலும் மிதியும்தான். குரங்கணியைத் தாண்டி ஜீப்பு ரோடு செங்குத்தாக ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காப்பிச் சரிவு. மேலே போகப் போகப் பனி மூட்டம் இறங்கி வந்தது.

ஓடைக்குப் பக்கத்து வளைவில் கார் நின்றது.

ராம்பிரசாத் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, போனை ஆகாயத்துக்கு நீட்டி டவர் தேடிக்கொண்டிருந்தான். டேஷ்போர்டில் செக் லைட் மறுபடி எரிந்துகொண்டிருக்கும். ஜீப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். ஸ்டியரிங்கில் யார் என்று தெரிந்ததும் அவன் முகம் மாறியது.

"ஏய்!"

அவள் நிறுத்தவில்லை. சக்கரம் ஒன்று பள்ளத்தில் தொங்க, காரை உரசிக்கொண்டு ஜீப்பு முன்னால் பாய்ந்தது. ராம்பிரசாத் குனிந்து ஒரு கல்லை எடுத்து வீசினான். முன் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு சில்லு அவள் நெற்றியைக் கீறிக்கொண்டு போனது. ரத்தம் வலது கண்ணை மறைத்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அடுத்த வளைவில் திரும்பினாள்.

பின்னால் கார் கிளம்புகிற சத்தம். உறுமல் பெரிசு, வேகம் இல்லை. ஆனாலும் வரும். ஊர்ந்தாவது வந்துவிடும்.

எஸ்டேட் கேட். பலா மரம். அதற்கு மேலே, ஏலச் செடிகளுக்கு நடுவே, பழைய ஸ்டோர் பனியில் மங்கலாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் ஏலக்காயைச் சூட்டில் காயவைத்த கட்டடம். புதுசு கட்டியபின் பூட்டிப்போட்டது. வாசலில் ஒருவன் அரிவாளோடு எழுந்து நின்றான். செழியன்.

அரிவாளுக்கு முன்னால் சீட்டடியில் கிடக்கிற ஜாக்கி ராடு எத்தனை நேரம் தாங்கும்?

வீரலட்சுமி மரத்தடியில் ஜீப்பை நிறுத்தினாள். லைட்டைப் போட்டாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். அணைத்தாள்.

ரெண்டு தரம்.

பனிக்குள் அந்த உருவம் தளர்ந்தது. நம்ம ஆள். செழியன் அரிவாளைத் திண்டில் சாத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஜீப்பை நோக்கி இறங்கி வந்தான்.

"அண்ணே, காரு என்னாச்சு? ஜீப்புலயா வந்தீக?"

கதவுக்குப் பக்கத்தில் அவன் முகம் வந்ததும், அவள் கதவை உதைத்தாள். மூக்கு உடைந்தது. அவன் நிமிர்வதற்குள் ஜாக்கி ராடு அவன் கணுக்காலில் இறங்கியது. அலறிக்கொண்டு விழுந்தான். இன்னொன்று, மற்றக் காலில். அதன்பின் அவன் எழவில்லை. செடிகளுக்குள் உருண்டு, "யம்மா, யம்மா" என்று அழுதான்.

ஸ்டோருக்குள் ஏலக்காய் வாசனை மூச்சை அடைத்தது. திருடுபோன மூட்டைகள் அத்தனையும் சுவரோரம் அடுக்கியிருந்தன. மூட்டைகளுக்குப் பக்கத்தில், கையும் காலும் கட்டி, சுடலை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இடது கால் வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

"அக்கா... நான் எடுக்கலக்கா."

"தெரியும்டா. பேசாத."

"லைட்டு அடிக்காம வந்தாங்கக்கா. நான் கத்துனேன், நிக்கல. சுட்டேன். அப்புறந்தான் பாக்குறேன், மொதலாளி. பரண்லேர்ந்து இழுத்துப் போட்டு..."

"பேசாதன்னு சொன்னேன்ல." கயிற்றை அறுத்து, அவனைத் தோளில் தூக்கினாள். அவன் வலி தாங்காமல் அவள் தோளைக் கடித்தான். கடிக்கட்டும்.

ஜீப்பில் போட்டு, திருப்பி, இறக்கத்தில் விட்டாள். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில், ரோடு ஒற்றை வண்டிக்கு மட்டும் இடம் விட்டுச் சுருங்குகிற இடத்தில், எதிரே கார்.

இரண்டும் நின்றன. முகத்துக்கு முகம்.

காருக்குள் ராம்பிரசாத்தின் பல் தெரிந்தது. சிரிக்கிறான். மலை ரோட்டில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விட வேண்டும். ஒதுங்க இருந்த இடம் பள்ளத்து ஓரம் மட்டுமே. அவள் ஒதுங்கினால் ஒரு இடி போதும். அக்காவும் தம்பியும் காப்பிச் சரிவில் உருண்டு போவார்கள். உச்சிப் பாறை தேவையில்லை.

ராம்பிரசாத் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். கார் உறுமிக்கொண்டு முன்னால் வந்தது. பம்பர் ஜீப்பில் முட்டியது.

பின்சீட்டிலிருந்து சுடலை அரை மயக்கத்தில் முனகினான். "அக்கா... ஏறுற வண்டிக்கு வழி விடணும்க்கா."

"அது ஏறுற வண்டி இல்லடா."

ஜீப்பை நாலு சக்கர இழுவைக்கு மாற்றி, முதல் கியர் போட்டு, மிதியை அடிவரை அமுக்கினாள்.

இரும்பு இரும்பைக் கடித்தது. ராம்பிரசாத்தும் மிதித்தான். என்ஜின் கதறியது. சக்கரம் சரளைக் கல்லை வாரி இறைத்தது. ஆனால் காதில்லாத அந்த என்ஜினுக்கு மேட்டைப் பிடித்து நிற்கத் தெம்பில்லை. கார் ஒரு முழம் பின்வாங்கியது. இன்னொரு முழம். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. பிரேக்கை மிதித்தான், ஈரச் சரளையில் டயர் வழுக்கியது. ஸ்டியரிங்கை ஒடித்தான். தப்பான பக்கம்.

பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கியது.

கார் ஒரு கணம் வானத்தைப் பார்த்து நின்றது. பானட்டில் இருந்த வேல் ஸ்டிக்கர் பாதி கிழிந்து படபடத்தது. பிறகு அது சரிவில் உருண்டது. காப்பிச் செடிகள் முறிகிற சத்தம், கண்ணாடி நொறுங்குகிற சத்தம், கடைசியில் சவுக்கு மரத்தில் மோதுகிற ஒரே பெரிய சத்தம். ஹாரன் மட்டும் விடாமல் கத்திக்கொண்டே இருந்தது.

வீரலட்சுமி இறங்கி ஓரத்துக்குப் போய்ப் பார்த்தாள். கீழே, நசுங்கிய கதவிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு மண்ணைப் பிறாண்டியது.

"தூக்கு... லட்சுமி, தூக்கும்மா..."

"போலீசு வருது. அவங்க தூக்குவாங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் சப்-இன்ஸ்பெக்டர் ஈஸ்வரன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மூட்டைய எடுத்தாச்சு. செழியனும் வாயத் தொறந்துட்டான். ஆனா ராம்பிரசாத் வேற மாதிரி பேசுறாரும்மா. இடுப்பு எலும்பு நொறுங்கிக் கெடந்தும் பேச்சு நிக்கல. ஒந் தம்பியும் செழியனும் கூட்டுக் களவாணிகளாம். அவரு கண்டுபிடிச்சுத் தடுக்கப் போனாராம். நேத்து சாயங்காலம் அவரு கார் அந்தப் பக்கமே போகலையாம். பானட் ஓட்டை, கல்லு விழுந்ததாம்."

"கல்லு இல்ல சார். குண்டு. எந் தம்பி சுட்டது. நாக் சென்சார் ஒயர அறுத்துக்கிட்டு உள்ள கெடந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

"எங்க அது?"

வீரலட்சுமி நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டாள்.

"தம்பிக்குக் கால எக்ஸ்ரே எடுத்தாங்கள்ல சார்?"

"ஆமா."

"எனக்கும் ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. வயித்துல."

ஈஸ்வரனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, விலா எலும்புக்குக் கீழே, கச்சிதமான ஒரு வெள்ளை வட்டம். சுடலையின் தோட்டாப் பையில் மிச்சமிருந்த குண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே அளவு.

"சரி. இது வெளிய வந்தாத்தான் கோர்ட்டுக்குப் போகும்," என்றார். பின்னால் நின்ற பெண் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். அந்தப் பெண் ஏற்கெனவே சுவரைப் பார்த்துக்கொண்டு, "சார், எனக்கு நாளைக்கு லீவு சார்," என்றாள்.

கருத்தம்மாள் மடியிலிருந்து ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை எடுத்து வீரலட்சுமியின் கையில் வைத்தாள். "தின்னுத்தா. எல்லாத்தையும் தின்னு."

கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்த சுடலை, வீங்காத கண்ணால் அக்காவைப் பார்த்தான்.

"அப்ப என் குண்டு பட்டுச்சாக்கா? பனியில ஒண்ணும் தெரியல. தப்பிருச்சுன்னுல நெனச்சேன்."

"பட்டுச்சுடா," என்று முதல் பழத்தை உரித்தாள் வீரலட்சுமி.